பெட்டைக் குரல்

க்ளியர்வாட்டர் ஆற்றுக்கு மேலே
பைன் சரிவு. ஏப்ரல். மணி ஐந்தே முக்கால்.
முக்காலியில் கேமரா,
மடியில் சிடார் மரப்பெட்டி.
மூடியில் சுண்ணாம்பு தடவியாயிற்று.

முதுகுக்குத் தடித்த மரமாகப் பார்,
உன் தோளைவிட அகலமாக,
என்று சொல்லியிருந்தான் டெல்வின் ஹஸ்கெட்.
பின்னாலிருந்து வருவது எதுவானாலும்
சுற்றிக்கொண்டு வரட்டும் என்று.
நான் பிடித்தது அழகான மரம்.
அகலமானது இருபதடி தள்ளி ஈரத்தில் நின்றது,
என் கால்சட்டை புதிது.

மூடியை இழுத்தேன்.
கியாவ், கியாவ், கியாவ்.
போன கோடைச் சந்தையில்
திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களும்
என்னை வான்கோழி என்றே நம்பினார்கள்.
இரண்டாம் பரிசு, ஒரு பன்றித்தொடை.
முதல் பரிசுக்காரன் குரலில்
கொஞ்சம் மனித வாடை இருந்ததென்று
இன்றைக்கும் சொல்வேன்.

சேவல் பதில் சொன்னால் சரிவே அதிரும்.
அதிரவில்லை.
என்னைத் திட்டிக்கொண்டிருந்த அணில்
பாதித் திட்டில் நிறுத்திக்கொண்டது.
அது காதில் விழுந்தது,
மண்டையில் ஏறவில்லை.

மறுபடி கூப்பிட்டேன், இன்னும் கொஞ்சலாக,
தனியாக இருக்கிறேன் வா, என்று.
பெட்டை மொழியில் அதற்கு
ஒற்றை இழுப்பு போதும்.

வந்தது.

இடது பக்கம்,
ஒல்லி மரத்துக்குப் பின்னாலிருந்து.
காய்ந்த புல்லில் ஒரு பகுதி மட்டும்
காற்றில்லாமல் நகர்ந்தது.
பிறகு அதற்குத் தோள்கள் முளைத்தன.
பதினைந்தடி.
மலைச்சிங்கம் என் முகத்தைப் பார்க்கவில்லை,
மடியைப் பார்த்தது,
அங்கே ஒரு கோழி இருந்தாக வேண்டும் என்பதுபோல.

அதன்மேல் தப்பே இல்லை.
அழைத்தவள் நான்.
முகத்துக்கு வலை, கைக்கு இலை அச்சிட்ட உறை,
மனுஷி என்று காட்டும் ஒவ்வொன்றையும்
காசு கொடுத்து மறைத்துக்கொண்டு வந்தவள் நான்.

டெல்வின் வீட்டுச் சமையலறையில் பியரோடு கேட்ட விதிகள்
வரிசைப்படி வரவில்லை.
ஓடாதே என்பது
ஓடும் ஆசைக்குப் பிறகு வந்தது.
எழுந்து நில் வந்தபோது
கால் மரத்துப்போயிருந்தது.
மிளகு ஸ்ப்ரே பையில் இருந்தது,
சாண்ட்விச்சுக்கு அடியில், குனிந்தால் எட்டும்.
குனியாதே.

மரத்தில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து எழுந்தேன்.
வலையைப் பிய்த்தேன்.
ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் விரித்து
துணி காயப்போட்ட கொடியாக நின்றேன்.
அதன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
பேசு, சத்தமாக, மனிதக் குரலில்.
என்ன பேச?

“ரமோனா டெக்கர்!” என்றேன்.
“குழாய் ரிப்பேர்! ஐம்பத்தொரு வயசு!
நான் கோழி இல்லை! கோழியே இல்லை!
அந்தப் பல் டாக்டர் எனக்கு எண்ணூறு டாலர் தரணும்!
ரெண்டு வருஷமாச்சு!”

காது ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.
போகவில்லை.
முன்னங்கால் ஒன்று முன்னால் வந்தது.

கையில் இருந்ததை எறிந்தேன்.
பாறையில் பட்டுத் திறந்து,
விழும்போது பெட்டி
கடைசியாக ஒருமுறை சொன்னது, கியாவ்.
நடுவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

சிங்கம் பின்னால் துள்ளியது.
பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.
இரண்டில் எது பொய் என்று
அதற்குப் புரிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.
அவசரமே இல்லாமல் மேலே ஏறிப் போனது.

முகம் சரிவைப் பார்த்தபடி
பின்னோக்கியே நடந்தேன்,
பிக்கப் வண்டிவரை, முக்கால் மணி நேரம்,
பல் டாக்டரைத் திட்டிக்கொண்டு.
தொண்டை கட்டிவிட்டது.

“அகலமான மரம்தானே?” என்று கேட்டான் டெல்வின்.
ஆமாம் என்றேன்.

இப்போது ஸ்ப்ரே நெஞ்சுப் பட்டையில் தொங்குகிறது.
தனியாகப் போவதில்லை.
என் கால்சட்டைகள் எல்லாமே ஈரத்தில் உட்கார்ந்தவை.
கேமராவை அடுத்த வாரம் மூன்று பேராய்ப் போய் எடுத்துவந்தோம்.
பெட்டியைத் தேடினோம், கிடைக்கவில்லை.
அங்கேதான் எங்கேயோ கிடக்கும்.
காற்றடித்தால் மூடி அசையும்.
யார் வந்து பார்க்கிறார்களோ.